கச்சேரிக் குழுவுக்கு வண்டி ஓட்டத் தொடங்குவோர்க்கு

சென்னையில் கச்சேரிக் குழுக்களுக்கு வண்டி ஓட்ட விரும்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது லைசென்ஸைப் பற்றித்தான். அதில் பெரிய சிக்கல் இல்லை. வாடகைக்கு ஓடும் போக்குவரத்து வாகனத்துக்கு உரிமம் எடுக்க, 20 வயது நிறைந்து, இலகுரக வாகன உரிமம் வாங்கி ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும். மருத்துவச் சான்றிதழும் வேண்டும். போக்குவரத்து வாகனத்துக்கான உரிமத்தை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். டெம்போ டிராவலரில் கை பழகிய பிறகு, கனரக உரிமம் எடுத்துப் பெரிய பேருந்துக்குப் போகலாம்.

குழுவை நேரில் தேடிப் போக வேண்டாம். வடபழனி, சாலிகிராமம் பக்கத்து டிராவல்ஸ் ஒன்றில் ஆக்டிங் டிரைவராக, அதாவது அழைக்கும்போது மட்டும் ஓட்டும் தற்காலிக ஓட்டுநராகச் சேர்ந்து, ஆடி மாதத்து அம்மன் கோயில் கச்சேரிகளுக்கு நான்கைந்து முறை போய்வந்தால், நிதானமாக ஓட்டுகிறவரைக் குழுவின் மேனேஜரே அடுத்த முறை பெயர் சொல்லிக் கேட்பார்.

கடினமானது திரும்பி வரும் இரவுதான். திருச்சியில் கச்சேரி என்று வைத்துக்கொள்வோம். இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தினாலும், வாத்தியங்களைக் கட்டி, சாப்பிட்டு, ஊர்ப் பெரியவர்களிடம் விடைபெற்று வண்டி கிளம்ப 11.30 ஆகிவிடும். சென்னை ஏறத்தாழ 330 கிலோமீட்டர். தூக்கம் மிகவும் அழுத்துகிற 2 மணிக்கும் 5 மணிக்கும் இடையில், பின்னால் அத்தனை பேரும் உறங்க, நீங்கள் விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் கடந்துகொண்டிருப்பீர்கள். ஆகவே அவர்கள் பாடும் நேரமே நீங்கள் தூங்கும் நேரம். ஜெனரேட்டருக்கும் ஸ்பீக்கருக்கும் எட்டாத தெருவில் வண்டியை நிறுத்திப் படுத்துவிடுங்கள். முதல் ஆண்டில் பாட்டு கேட்கும் ஆசையில் மேடையருகே நின்றுவிட்டு, அன்றிரவு விக்கிரவாண்டி சுங்கச்சாவடி வரிசையிலேயே கண் அசந்தேன். பின்வண்டியின் ஹாரன்தான் எழுப்பியது. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961, பொதுவாக நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என்றும், 5 மணி நேரத்துக்கு மேல் தொடராமல் அரை மணி நேர ஓய்வு என்றும் சொன்னது. 8 மணி நேர வரம்பு இப்போதைய சட்டத்திலும் உண்டு. மேனேஜர் அவசரப்படுத்தினால் அதைச் சொல்லத் தயங்க வேண்டாம்.

மார்கழியில் கர்நாடக இசைக் கலைஞர்கள் ஏறும்போது கவலை வேறு. வீணையின் மெட்டுகள் (தந்தியை அழுத்திப் பிடிக்கும் உலோகக் கட்டைகள்) தேன்மெழுகில் பதிக்கப்பட்டவை. உச்சி வெயிலில் சாத்திய வண்டிக்குள் கிடந்தால் மெழுகு இளகி மெட்டு நகர்ந்துவிடும். மிருதங்கத்தின் தோலுக்கும் சூடு ஆகாது. மண்ணால் ஆன கடத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவற்றில் எதையும் மேலே கேரியரில் ஏற்றாதீர்கள். வண்டியை நிழலில் நிறுத்துங்கள்.

பேட்டா (நாள்படி), சாப்பாடு, சுங்கக் கட்டணம், பார்க்கிங் ஆகியவை யார் பொறுப்பு என்பதையும், நள்ளிரவைத் தாண்டினால் இன்னொரு நாள் பேட்டா உண்டா என்பதையும் கிளம்புமுன் பேசிவிடுங்கள். சண்டை பெரும்பாலும் இந்தக் கடைசிக் கேள்வியில்தான் வருகிறது. புறப்படும்போது ஏறிய உருப்படிகளை எண்ணி டிரிப் ஷீட்டின் (பயண விவரத் தாளின்) பின்பக்கம் எழுதிவைத்து, திரும்பும்போது அந்த எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் கதவைச் சாத்துங்கள்.