பழைய நைலான் கட்டை ரைபிளுக்கு மதுரையில் மதிப்புப் போடுவது எப்படி

மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள சிறுமலை, கொடைக்கானல் அடிவாரத் தோட்டங்களிலும், செட்டிநாட்டுப் பெரிய வீடுகளிலும் தாத்தா காலத்து பாயிண்ட் டூ டூ (.22 அங்குலத் துளை) ரைபிள் ஒன்று பீரோவில் கிடப்பது புதிதல்ல. அவற்றில் பெரும்பாலானவை மரக்கட்டை போட்ட புருனோ, பி.எஸ்.ஏ. அல்லது இஷாப்பூர் தொழிற்சாலையின் ரைபிள்கள். எப்போதாவது ஒன்று மட்டும் தோளில் அணைக்கும் கட்டை முழுவதும் பிளாஸ்டிக் போலத் தெரியும்படி, கையில் எடுத்தால் ஏர்கன் அளவுக்கு லேசாக இருக்கும். பார்ப்பவர்கள் அதை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்குவார்கள், அல்லது அமெரிக்க ஏல விலையை இணையத்தில் பார்த்துவிட்டு லட்சக்கணக்கில் கனவு காண்பார்கள். இரண்டுமே சரியில்லை. இந்த ரைபிளுக்கு அங்கே ஒரு கணக்கு, இங்கே வேறொரு கணக்கு; இங்குள்ள கணக்கில் முதல் வரி ரைபிளைப் பற்றியதே அல்ல, அதன் காகிதங்களைப் பற்றியது.

ஆகவே துப்பாக்கியைத் துடைப்பதற்கு முன்னால் லைசென்ஸ் புத்தகத்தை எடுங்கள். அதில் எழுதியுள்ள தயாரிப்பாளர் பெயர், துளை அளவு, எண், வகை ஆகியவை குழலின் மீது பொறித்திருப்பவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். உரிமம் பெற்றவர் காலமாகியிருந்தால், ஆயுதச் சட்டத்தின் 21ஆவது பிரிவின்படி தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ அதை ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்வதே முதல் வேலை. விலை பேசுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். வாரிசுக்கு உரிமம் கோரும் வழி 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் தெளிவாக உள்ளது. உரிமதாரர் உயிரோடு இருக்கும்போதே, அவருக்கு 70 வயது நிறைந்திருந்தாலோ துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, தாம் விரும்பும் சட்டபூர்வ வாரிசுக்கு அதை மாற்றித்தரவும் அதே விதிகள் இடமளிக்கின்றன. தோட்டம் வைத்திருக்கும் முதியவர்கள் பலரும் இந்த இரண்டாவது வழியைக் கவனிப்பதே இல்லை. பிள்ளைகள் பின்னால் அலைவது அதனால்தான்.

அடுத்து, ரைபிள் எந்த வகை என்று தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் விலையைப் பாதி தீர்மானிப்பது அதுவே. செயற்கைக் கட்டை போட்ட பழைய பாயிண்ட் டூ டூ என்றால் உலகெங்கும் முதலில் சொல்லப்படும் பெயர் ரெமிங்டன் நைலான் 66. 1959இல், அதாவது நம் ஆயுதச் சட்டம் இயற்றப்பட்ட அதே ஆண்டில், அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அப்போது அதன் விலை 49 டாலர் 95 சென்ட். ரெமிங்டனை அந்நாளில் கையில் வைத்திருந்த டூபாண்ட் நிறுவனம் சைட்டெல் என்ற பெயரில் விற்ற நைலானை இரு பாதிகளாக வார்த்து ஒட்டி இதன் கட்டையைச் செய்தார்கள். கட்டை வெறும் கைப்பிடியாக மட்டும் இல்லாமல், விசைப் பொறியும், தோட்டாவை அறைக்குள் தள்ளி மூடும் போல்ட்டும் இயங்கும் உடலாகவும் அமைந்ததுதான் இதன் புதுமை. மேலே தெரியும் எஃகு மூடி ஒரு தகட்டு உறை மட்டுமே. நைலானின் மீது எஃகு வழுக்கி ஓடுவதால் எண்ணெய் தேவையில்லை என்று நிறுவனமே சொன்னது. அதை நம்பாத மரக்கட்டைப் பிரியர்களுக்குப் பதில் சொல்வதுபோல, டாம் ஃபிரை என்ற ரெமிங்டன் நிறுவனத்தின் சுடுவீரர் 1959இல் மேலே வீசப்பட்ட 1,00,010 மரத்துண்டுகளைச் சுட்டு, ஆறே ஆறைத்தான் தவறவிட்டார். பிறகு முப்பது ஆண்டுகளுக்குள் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. பத்து லட்சம் செய்யப்பட்ட ஒரு பொருள் தன்னளவில் அரிய பொருள் ஆகாது என்பதை விலை பேசுபவர் முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

அரிதானவை அதன் சுற்றத்தார்தான். கட்டையின் நிறத்தில் மோஹாக் பிரவுன் மிகச் சாதாரணம். குரோம் பூசிய குழலும் மூடியும் கொண்ட அப்பாச்சி பிளாக் அதைவிடக் கொஞ்சம் உயர்வு. தொடக்க ஆண்டுகளில் மட்டும் வந்த கரும்பச்சை செனெகா கிரீனுக்குச் சேகரிப்பாளர்கள் அலைவார்கள். 1962 முதல் 1964 வரையே செய்யப்பட்ட நைலான் 10, 11, 12 ஆகிய, ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுத்துச் சுடும் போல்ட் ரைபிள்களும், லீவர் வைத்த நைலான் 76உம் எண்ணிக்கையில் மிகக் குறைவு. ஒற்றைத் தோட்டா நைலான் 10 சுமார் பத்தாயிரம்தான் வெளிவந்தது. தோட்டாக்களைக் கழற்றி மாட்டும் பெட்டியில் (மேகசின்) போடும் நைலான் 77, மோஹாக் 10-சி ஆகியவை 1970களின் பிள்ளைகள். பிற்பாடு பிரேசிலின் சி.பி.சி. நிறுவனமும் ஏறக்குறைய இதே உருவத்தில் ரைபிள் செய்தது. தூரத்தில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது என்பதால் குழலில் உள்ள தயாரிப்பாளர் பெயரை லென்ஸ் வைத்துப் படித்துவிட வேண்டும். சேகரிப்பாளரின் கணக்கில் அது வேறு பொருள்.

வயதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. குழலின் இடப்பக்கம், ரிசீவருக்கு (பொறி அமைந்த நடுப்பகுதிக்கு) சற்று முன்னால், சிறிய எழுத்துகள் சில பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றில் முதல் எழுத்து தயாரித்த மாதம், அடுத்தது ஆண்டு. ‘பிளாக் பவுடர்’ என்ற ஆங்கிலச் சொற்களின் பதினோரு எழுத்துகளும் கடைசியில் ஓர் எக்ஸும் ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை வரிசையாக நிற்கின்றன என்று வைத்துக்கொண்டால் மாதத்தை நீங்களே சொல்லிவிடலாம்.

எண்ணைப் பற்றித்தான் இங்கே ஒரு சிக்கல் வருகிறது. அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இத்தகைய மலிவு ரைபிள்களில் வரிசை எண் பொறிப்பது கட்டாயமில்லை. எனவே முதல் எட்டொன்பது ஆண்டுகளின் நைலான் 66கள் பலவற்றில் எண்ணே கிடையாது. அங்குள்ள சேகரிப்பாளருக்கு எண் இல்லாதது பழமையின் அடையாளம். நம் நாட்டிலோ, தயாரிப்பாளர் பெயரும் எண்ணும் அல்லது வேறு அடையாளக் குறியும் இல்லாத துப்பாக்கியை விற்கவோ கைமாற்றவோ ஆயுதச் சட்டத்தின் 8ஆவது பிரிவு தடை செய்கிறது. ஆகவே இங்கே பின்னாளில் முறையாகப் பொறிக்கப்பட்டு உரிமத்திலும் ஏறியுள்ள எண் இருந்தால், அமெரிக்கச் சேகரிப்பாளர் அதைக் குறை என்பார். மதுரையில் அதுதான் அந்த ரைபிளை விற்கத்தக்க பொருளாக வைத்திருக்கிறது. எண் இல்லாவிட்டால் தாமே பட்டறையில் கொடுத்து வெட்டிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அடையாளக் குறியைத் திருத்துவதும் போலியாக உண்டாக்குவதும் அதே பிரிவின் கீழ்க் குற்றம். உரிமம் வழங்கும் அலுவலகத்துக்கு எழுதி, அவர்கள் சொல்லும் வழியில்தான் போக வேண்டும்.

இன்னொன்று, நைலான் 66 அரைத் தானியங்கி வகையைச் சேர்ந்தது. ஒவ்வொரு முறை விசையை இழுக்கும்போதும் அடுத்த தோட்டா தானே ஏறிக்கொள்ளும். நம் விதிகளில் அரைத் தானியங்கிகள் பொதுவாகக் கட்டுப்படுத்தப்பட்ட பிரிவில் வருவதால் அவற்றுக்கான அனுமதி மாவட்ட அளவில் முடியாது, மத்திய உள்துறை அமைச்சகம்வரை போகும். இதன் விளைவு வேடிக்கையானது: அதே குடும்பத்தைச் சேர்ந்த போல்ட் வகை நைலான் 11 அல்லது 12 கையில் இருந்தால், புகழ்பெற்ற 66ஐவிட இங்கே வாங்குவோர் கிடைப்பது எளிது. புகழுக்கு இங்கே காசு இல்லை. பெயர் மாற்றக்கூடிய காகிதத்துக்குத்தான் காசு.

இனி ரைபிளையே பார்க்கலாம். இதை ஆயுத வியாபாரியின் மேசையில், அவர் முன்னிலையில் செய்வது நல்லது. நைலான் 66இன் தோட்டாக் குழாய் கட்டையின் பின்புறம் வழியாக உள்ளே போகிறது. பதினான்கு தோட்டாக்கள் கொள்ளும். குழாயை உருவி எடுத்துவிட்டால் காலியாகிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. பாதையில் ஒரு பழைய தோட்டா தங்கியிருக்கலாம், அறையிலும் ஒன்று இருக்கலாம்; போல்ட்டைப் பலமுறை இழுத்து, விளக்கடித்துப் பார்த்து உறுதி செய்த பிறகே மற்றதெல்லாம்.

முதலில் கட்டை. முன்கைப்பிடியின் இருபுறமும் பதித்த வெள்ளை வைரவடிவத் துண்டுகள், நுனியிலும் கைப்பிடிக் கீழும் உள்ள வெள்ளைக் கோடுகள், பின்தகடு ஆகியவை அசலாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வைரத் துண்டு உதிர்ந்த இடத்தில் பெயிண்ட் வைத்து ஏமாற்றுவது உண்டு, நகத்தால் ஓரத்தைத் தொட்டால் தெரிந்துவிடும். குழலுக்கும் முன்கைப்பிடிக்கும் இடையே உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் அகன்றிருந்தால் கட்டை வளைந்திருக்கிறது என்று பொருள். மாடியில் வெயில் விழும் ஜன்னலோரம் பல ஆண்டுகள் சாத்திவைத்தவற்றில் நிறம் வெளுத்துச் சாம்பல் பூத்தாற்போல இருக்கும். அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தால் விலை இன்னும் குறையும். வெடித்த நைலானை மரத்தைப் போல ஒட்டி மறைக்க முடியாது. ஒட்டுப் போட்டதாகத் தெரிந்தால் அதைச் சேகரிப்புப் பொருளாகக் கருத வேண்டியதே இல்லை.

பிறகு மூடித் தகடு. நம் ஊரில் இந்த இடத்தில்தான் சேதம் அதிகம், அதற்குக் காரணம் ஆயுத பூஜை. ஈரச் சந்தனத்தையும் குங்குமத்தையும் ரிசீவரின் மேல் வைத்து, இரண்டு நாள் கழித்துத் துடைக்காமல் அப்படியே உறையில் போட்டுவிடுவார்கள். அடுத்த ஆண்டு எடுக்கும்போது பொட்டு இருந்த இடத்தில் நீலப்பூச்சு அரித்து, காசு அளவில் ஒரு வட்டத் துரு நிற்கும். ஒரே இடத்தில் ஆண்டுதோறும் வைத்த வீடுகளில் அந்த வட்டம் விரல் நுனிக்குத் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளமாகவே ஆகிவிடும். பூஜை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பொட்டை உறையின் மீது வைத்தால் சாமிக்கும் குறைவில்லை, ரைபிளுக்கும் குறைவில்லை. தேங்காய் எண்ணெய் பூசும் பழக்கம் இன்னொரு தொல்லை. அது நாளடைவில் பிசினாக உறைந்து போல்ட்டைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெயே வேண்டாம் என்று வடிவமைத்த பொறியில் இது இரட்டிப்புத் தீங்கு. தேர்தல் வரும்போதெல்லாம் ஒப்படைத்துத் திரும்ப வாங்கிய ரைபிள்களில் குழல்வாய் முட்டிய தழும்பும் காணப்படும்.

குழலுக்குள் விளக்கடித்து, சுருள் வரிகள் கூர்மையாகத் தெரிகின்றனவா, குழிக்குழியாகத் துரு இருக்கிறதா என்று பாருங்கள். தோட்டாவின் விளிம்பில் ஊசி அடித்து வெடிக்கும் ரிம்ஃபயர் ரைபிள்களுக்கே உரிய பரிசோதனை ஒன்று உண்டு; பாயிண்ட் டூ டூவும் அந்த வகைதான். தோட்டா இல்லாமல் விசையை இழுத்து விளையாடினால் அடிக்கும் ஊசி தோட்டா அறையின் விளிம்பில் மோதி அங்கே ஒரு சிறு தழும்பை உண்டாக்கும். தழும்பு பெரிதானால் தோட்டாக் கூடு அறையில் சிக்கிக்கொள்ளும். பிள்ளைகள் கையில் பொம்மையாகக் கொடுத்துப் பழகிய வீட்டு ரைபிள்களில் இது அநேகமாக இருக்கும். பிரித்துப் பார்க்க மட்டும் ஆசைப்படாதீர்கள். நைலான் 66இன் உள்ளுறுப்புகளை மறுபடி கோப்பது பழகிய கைக்கே பொறுமையைச் சோதிக்கும் வேலை, பாதி திறந்து தோற்ற ரைபிள் எந்த விலைக்கும் போகாது. தொலைநோக்கி மாட்டியிருந்தால் அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். அது உட்கார்ந்திருப்பது மெல்லிய மூடியின் மேல் என்பதால் குறி நிலையாக நிற்பதில்லை.

விலையைப் பொறுத்தவரை, அமெரிக்க விலையை ரூபாயாக மாற்றிப் பேசுவது வீண். அந்தச் சந்தைக்கு நீங்கள் விற்க முடியாது, அங்கிருந்து வாங்குபவரும் இங்கே வர முடியாது. தனியாருக்கான துப்பாக்கி இறக்குமதி 1980களின் நடுவில் நின்றுபோனதால் வெளிநாட்டுத் துப்பாக்கி எதுவாயினும் இங்கே ஒரு கூடுதல் மதிப்பு உண்டு. ஆனால் அந்த மதிப்பு கைத்துப்பாக்கிகளுக்கும் நல்ல புருனோ ரைபிளுக்கும் போவது போல நைலான் கட்டைக்குப் போவதில்லை. 2019 திருத்தச் சட்டம் ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. இரண்டே இடம் உள்ள ஒருவர் அதில் ஒன்றைப் பழைய பாயிண்ட் டூ டூவுக்குக் கொடுக்கத் தயங்குவார் என்பதை விற்பவர் புரிந்துகொள்ள வேண்டும். விதிவிலக்கு ரைபிள் கிளப் உறுப்பினர்கள்: அங்கீகரிக்கப்பட்ட கிளப்பில் இலக்குப் பயிற்சிக்குப் பாயிண்ட் டூ டூ பயன்படுத்துபவரை அந்த எண்ணிக்கை வரம்பு கட்டுப்படுத்தாது. உங்கள் உண்மையான வாங்குநர் அவர்களுக்குள்தான் இருக்கிறார், அவர்களோ நிறத்தைவிடக் குழலின் துல்லியத்தைப் பார்ப்பவர்கள். ஆகவே கட்டையின் அழகைப் பற்றி நீண்ட பேச்சு வேண்டாம். நல்ல குழல், அசல் தோட்டாக் குழாய், குறையில்லாத உரிமம் இந்த மூன்றையும் காட்டி, இரண்டு ஆயுத வியாபாரிகளிடம் தனித்தனியே விலை கேட்டு, அதற்கு நடுவில் நின்று பேசுங்கள். பழைய பெட்டி, விளக்கத் தாள், வாங்கிய ரசீது ஆகியவை இருந்தால் கூடவே வையுங்கள். ரசீதுக்கு இங்கே மதிப்பு அதிகம். துப்பாக்கி நாட்டுக்குள் எப்படி வந்தது என்ற கேள்விக்கு அதுவே பதில்.

விலை படிந்த பிறகும் கையோடு கொடுத்துவிட முடியாது. தனிநபர் ஒருவர் மற்றொருவருக்கு விற்க வேண்டுமானால், வாங்குபவரின் பெயரையும் முகவரியையும் குறித்து மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலைய அதிகாரிக்கோ எழுத்து மூலம் தெரிவித்து, அதன் பிறகு குறைந்தது 45 நாட்கள் கழிய வேண்டும். அந்தக் கடிதத்தின் நகலில் முத்திரையுடன் ஒப்புகை வாங்கி வையுங்கள். அதுவரை முன்பணம் வாங்கினாலும் ரைபிள் உங்கள் பொறுப்பில்தான். நுரைத் துணி உறைக்குள் அடைக்காமல், உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, வெளியே தெரியும் எஃகுப் பாகங்களில் மட்டும் துப்பாக்கி எண்ணெயை லேசாகத் தடவி, படுக்கைவாக்கில் பூட்டிய பீரோவில் வைத்தால் போதும்.