பாட்டு ஆப்பின் சந்தாவை நிறுத்த: முதலில் பணம் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள்

போனிலிருந்து பாட்டு ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது. ஆப்பிலிருந்து லாக் அவுட் செய்தாலும் நிற்காது. ஆப் என்பது பாட்டுக் கேட்கும் கருவி மட்டுமே. மாதாமாதம் பணம் எடுக்கும் ஏற்பாடு வேறோர் இடத்தில் இருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதில்தான் முக்கால்வாசி வேலை. கண்டுபிடித்துவிட்டால் நிறுத்த இரண்டு நிமிடம் போதும்.

பணம் யாருக்குப் போகிறது?

ஒரே பாட்டுச் சேவைக்குப் பல வாசல்கள் உண்டு. சேவையின் இணையதளத்தில் நேரடியாகக் கார்டு எண் கொடுத்துச் சேர்ந்திருக்கலாம். ஐபோனில் ஆப்புக்குள்ளேயே பொத்தானை அழுத்தி, ஆப்பிள் கணக்கு வழியாகச் சேர்ந்திருக்கலாம். ஆண்ட்ராய்டில் கூகுள் பிளே வழியாகச் சேர்ந்திருக்கலாம். மொபைல் நிறுவனத்தின் பிளானோடு சேர்ந்தும் வந்திருக்கலாம். எந்த வாசலில் நுழைந்தீர்களோ அதே வாசலில்தான் வெளியே வர முடியும். ஆப்பிள் வழியாகச் சேர்ந்தவர் சேவையின் இணையதளத்தில் எவ்வளவு தேடினாலும் நிறுத்தும் பொத்தான் கிடைக்காது. அங்கே கேட்டாலும் ஆப்பிளிடம் போகத்தான் சொல்வார்கள்.

வாசலைக் கண்டுபிடிக்க வங்கிக் கணக்கின் ஸ்டேட்மென்டைப் பாருங்கள். ஆப்பிள் வழியாகப் போகும் பணம் ‘ஆப்பிள்.காம்/பில்’ என்ற பெயரில் இருக்கும். பாட்டுச் சேவையின் பெயரே அதில் வராது. கூகுள் பிளே வழியாகப் போனால் வரியின் தொடக்கத்தில் ‘கூகுள்’ என்று இருக்கும். சேவையின் பெயர் மட்டும் இருந்தால் நேரடிச் சந்தா. ஸ்டேட்மென்டில் எதுவுமே இல்லாமல் மொபைல் பில் மட்டும் கூடியிருந்தால் பணம் மொபைல் நிறுவனத்தின் வழியாகப் போகிறது.

மெயிலில் ரசீதைத் தேடுவது இன்னும் துல்லியமான வழி. கூகுள் பிளே ரசீதின் ஆர்டர் எண் ‘ஜிபிஏ’ என்ற எழுத்துகளில் தொடங்கும். ரசீது எந்த மெயில் முகவரிக்கு வந்திருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சந்தா இருப்பது அந்தக் கணக்கில்தான்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ‘உள்ளே போய்ப் பார்த்தால் இலவசக் கணக்கு என்று காட்டுகிறது, ஆனால் பணம் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது’ என்ற குழப்பத்துக்குப் பெரும்பாலும் இரண்டு கணக்குகள் இருப்பதே காரணம். ஒரு முறை மெயிலும் பாஸ்வேர்டும் கொடுத்துச் சேர்ந்திருப்பீர்கள். இன்னொரு முறை ஃபேஸ்புக் பொத்தானையோ ஆப்பிள் பொத்தானையோ அழுத்தி உள்ளே போயிருப்பீர்கள். ஆப்பிள் பொத்தானில் ‘மெயிலை மறை’ என்ற வசதியைத் தேர்ந்தெடுத்திருந்தால், உங்களுக்கே தெரியாத ஒரு மாற்று முகவரியில் தனிக் கணக்கு உருவாகியிருக்கும். லாகின் பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு பொத்தானையும் ஒருமுறை முயன்று பாருங்கள். பணம் கட்டும் கணக்கு ஏதோ ஒன்றில் தென்படும்.

தேதி

சந்தாவை இன்றே நிறுத்தினாலும், பணம் கட்டிய காலம் முடியும்வரை பொதுவாகப் பாட்டுக் கேட்கலாம். அதனால் கடைசி நாள்வரை காத்திருந்து நிறுத்துவதில் லாபம் எதுவும் இல்லை. மறந்துவிடும் ஆபத்துதான் உண்டு. இலவசச் சோதனைக் காலத்தில் இருப்பவர்கள், அது முடிவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும் என்பது ஆப்பிளின் விதி. மற்ற இடங்களிலும் ஒரு நாள் முன்னதாக முடித்துவிடுவது நல்லது. புதுப்பிக்கும் நேரம் உங்கள் ஊர்க் கடிகாரப்படிதான் இருக்கும் என்று சொல்ல முடியாது.

இதில் ஒரு விதிவிலக்கு: சில இலவசச் சோதனைகளில், நிறுத்திய நொடியே சேவை போய்விடும். நிறுத்தும் திரையில் ‘இந்தத் தேதிவரை பயன்படுத்தலாம்’ என்ற வரி இருக்கிறதா என்று படித்த பிறகே உறுதி செய்யுங்கள்.

பாட்டுப் பட்டியலைக் காப்பாற்றுங்கள்

பல வருடம் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பிளேலிஸ்டை இழப்பது, ஒரு மாதச் சந்தாப் பணத்தை இழப்பதைவிடப் பெரிய நஷ்டம். அதனால் நிறுத்துவதற்கு முன் இந்த வேலை.

ஸ்பாட்டிஃபையில் சந்தா முடிந்ததும் கணக்கு விளம்பரத்தோடு கூடிய இலவச வகைக்கு மாறும். பிளேலிஸ்டுகள் அப்படியே இருக்கும். ஆப்பிள் மியூசிக்கில் அப்படி ஓர் இலவச வகை கிடையாது. சந்தா முடிந்தால் அதன் வழியாகச் சேர்த்த பாட்டுகளும் பிளேலிஸ்டுகளும் உங்கள் கையில் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐட்யூன்ஸ் ஸ்டோரில் காசு கொடுத்து வாங்கிய பாட்டுகள் மட்டும் உங்களுடையவை.

எந்தச் சேவையானாலும் டவுன்லோடு செய்து வைத்த பாட்டுகள் போய்விடும். போனில் இருக்கும் அந்தக் கோப்புகள் சாதாரண எம்பி3 அல்ல. பூட்டப்பட்டவை, திறக்கும் சாவி சந்தாவோடு கட்டப்பட்டிருக்கிறது. ஸ்பாட்டிஃபையில் 30 நாளுக்கு ஒருமுறையாவது போனை இணையத்தில் இணைக்கச் சொல்வதும் சந்தா உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கத்தான். கோப்புகளை மெமரி கார்டுக்கு நகல் எடுத்து வைத்தாலும் பயன் இல்லை.

வேறு சேவைக்குப் போகிறீர்கள் என்றால் டியூன் மை மியூசிக், சவுண்டீஸ் போன்ற தளங்கள் பிளேலிஸ்டை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றித் தரும். இலவசமாக மாற்றும் பாட்டுகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. மாற்றி முடித்ததும் இரு பக்கத்திலும் பாட்டுகளை எண்ணிப் பாருங்கள். பாட்டின் பெயரையும் பாடியவர் பெயரையும் ஒப்பிட்டுத்தான் பெரும்பாலும் பொருத்துகிறார்கள் என்பதால், அசல் பதிவுக்குப் பதில் மேடைக் கச்சேரிப் பதிவோ வேறொருவர் பாடியதோ வந்து உட்கார்ந்துவிடும். உங்கள் கணினியிலிருந்து நீங்களே ஏற்றிய பாட்டுகள் புதிய சேவைக்கு வந்து சேராது. வேலை முடிந்ததும், இரண்டு கணக்குகளிலும் அந்தத் தளத்துக்குக் கொடுத்த அனுமதியை நீக்கிவிடுங்கள்.

மாற்றும் எண்ணம் இல்லாவிட்டாலும் பட்டியலின் நகலையாவது எடுத்து வையுங்கள். ஸ்பாட்டிஃபை கணக்கின் பிரைவசி பக்கத்தில் உங்கள் தரவைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். யூடியூப் மியூசிக்குக்கு, கூகுள் கணக்கில் இருக்கும் தரவின் நகலைத் தரும் கூகுள் டேக்அவுட் பக்கம் இருக்கிறது. கோப்பு வந்து சேரச் சில நாள் ஆகலாம் என்பதால் முன்கூட்டியே கேளுங்கள்.

நிறுத்தும் படிகள்

ஐபோனில்: செட்டிங்ஸைத் திறந்து, மேலே இருக்கும் உங்கள் பெயரைத் தொடுங்கள். ‘சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ என்பதற்குள் போய்ச் சேவையைத் தேர்ந்தெடுத்து ‘கேன்சல் சப்ஸ்கிரிப்ஷன்’ அழுத்துங்கள். அந்தப் பொத்தானே இல்லாமல், காலாவதியாகும் தேதி மட்டும் சிவப்பில் தெரிந்தால் சந்தா ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருக்கிறது என்று பொருள். ஆப்பிள் மியூசிக் சந்தா இருந்து ஐபோன் கையில் இல்லையென்றால் பிரவுசரில் மியூசிக்.ஆப்பிள்.காம் போங்கள், கணக்குப் படத்தைத் தொட்டு, செட்டிங்ஸில் சந்தாப் பகுதியைத் திறந்தால் போதும்.

ஆண்ட்ராய்டில்: பிளே ஸ்டோரைத் திறந்து மேல் மூலையில் உள்ள புரொஃபைல் படத்தைத் தொடுங்கள். ‘பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’, அதற்குள் ‘சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’, அங்கே சேவையின் பெயர், பிறகு ‘கேன்சல்’. பட்டியல் காலியாக இருந்தால் அதே படத்தைத் தொட்டு வேறு கூகுள் கணக்குக்கு மாறிப் பாருங்கள். ஒரே போனில் இரண்டு மூன்று கணக்குகள் இருப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.

ஸ்பாட்டிஃபை நேரடிச் சந்தா: ஆப்பில் தேடிக்கொண்டிருக்காமல் பிரவுசரில் ஸ்பாட்டிஃபை.காம்/அக்கவுன்ட் பக்கத்தைத் திறப்பது நேர்வழி. சந்தாவை நிர்வகிக்கும் பகுதிக்குள் ‘கேன்சல்’ இருக்கும். அங்கே வேறொரு நிறுவனத்தின் பெயர் தெரிந்தால் சந்தா அவர்கள் வழியாக வந்தது; அவர்களிடம்தான் நிறுத்த வேண்டும்.

யூடியூப் மியூசிக்: யூடியூபில் ‘பர்ச்சேசஸ் அண்ட் மெம்பர்ஷிப்ஸ்’ பக்கத்துக்குப் போய் ‘மேனேஜ் மெம்பர்ஷிப்’, பிறகு ‘டீஆக்டிவேட்’. முதலில் ‘தற்காலிகமாக நிறுத்துங்களேன்’ என்று கேட்கும். அதைத் தாண்டி ‘கன்டின்யூ டு கேன்சல்’ அழுத்த வேண்டும். நீங்கள் வைத்திருப்பது யூடியூப் பிரீமியம் என்றால் பாட்டு மட்டுமல்ல, வீடியோவில் விளம்பரம் இல்லாத வசதியும் சேர்ந்தே போய்விடும்.

அமேசான் மியூசிக்: ‘அன்லிமிடெட்’ என்பது தனிச் சந்தா, ‘பிரைம்’ வேறு சந்தா. ஒன்றை நிறுத்தினால் மற்றது நிற்காது. எதற்குப் பணம் போகிறது என்று பார்த்த பிறகு தொடுங்கள். அன்லிமிடெட்டை நிறுத்தும் இடம் அமேசான் மியூசிக் இணையதளத்தின் செட்டிங்ஸில் இருக்கிறது.

பாதி வழியில் நின்றுவிடாதீர்கள்

நிறுத்தும் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் முடிந்தது என்று நினைப்பது பெரிய தவறு. அதன் பிறகுதான் ‘ஏன் போகிறீர்கள்?’, ‘பாதி விலைக்குத் தரட்டுமா?’, ‘மூன்று மாதம் இடைவெளி எடுங்களேன்’ என்று திரைக்கு மேல் திரை வரும். பளிச்சென்ற பெரிய பொத்தான் பெரும்பாலும் சந்தாவைத் தொடர்வதற்கானது; நிறுத்துவதற்கானது மங்கலாக ஒரு வரியில் கீழே இருக்கும். நடுவில் ஜன்னலை மூடினால் எதுவும் பதிவாகியிருக்காது. தற்காலிக இடைவெளியைத் தேர்ந்தெடுத்தால் இடைவெளி முடிந்ததும் பணம் தானாகவே மறுபடி போகத் தொடங்கும்.

முடிந்ததற்கு இரண்டு அடையாளங்கள் உண்டு. சந்தாப் பக்கத்தில் ‘புதுப்பிக்கும் தேதி’ என்பது ‘முடியும் தேதி’ என்று மாறியிருக்கும். நிறுத்தியதை உறுதி செய்யும் மெயிலும் வழக்கமாக வரும். மெயிலை அழிக்காதீர்கள். தேதி தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வையுங்கள். பின்னால் தகராறு வந்தால் உங்களிடம் இருக்கும் ஆதாரம் அதுதான்.

சிக்கல் வரும் இடங்கள்

கார்டை மாற்றிவிட்டால் சந்தா தானாக நின்றுவிடும் என்று நம்பாதீர்கள். புதிய கார்டு எண்ணை வணிகர்களுக்குத் தானாகவே தெரிவிக்கும் ஏற்பாடு விசாவிலும் மாஸ்டர்கார்டிலும் இருக்கிறது. உங்கள் வங்கி அதில் சேர்ந்திருந்தால் பழைய சந்தா புதிய கார்டில் தொடரும். அந்த ஏற்பாடு இல்லாவிட்டாலும் நிறுவனம் சில நாள் திரும்பத் திரும்ப முயலும். ஆப்பிள் கணக்கில் இப்படிப் பாக்கி நின்றால், அதைத் தீர்க்கும்வரை வேறு எதையும் வாங்க முடியாமல் போகும்.

குடும்பத் திட்டத்தில் இருந்தால், நிறுத்தும் உரிமை அதைத் தொடங்கியவருக்கு மட்டுமே. அவர் நிறுத்தினால் உள்ளே இருக்கும் எல்லோருக்கும் போய்விடும். ஸ்பாட்டிஃபையிலும் ஆப்பிள் மியூசிக்கிலும் ஒரு திட்டத்தில் 6 பேர்வரை இருக்கலாம் என்பதால், முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நீங்கள் மட்டும் விலகுவதென்றால் குழுவிலிருந்து வெளியேறினால் போதும்.

கணக்கையே அழிக்க நினைப்பவர்கள் சந்தாவை நிறுத்திவிட்டு அதன் பிறகு அழியுங்கள். வரிசையை மாற்றினால், உள்ளே போய்ப் பார்க்கக் கணக்கு இருக்காது, ஆனால் ஆப்பிள் அல்லது கூகுள் வழியாகப் பணம் போய்க்கொண்டே இருக்கும்.

நிறுத்த மறந்து பணம் போய்விட்டதா? முதலில் நிறுத்துங்கள், பிறகு அன்றைக்கே பணத்தைத் திரும்பக் கேளுங்கள். ஆப்பிளுக்கு ரிப்போர்ட்எபிராப்ளம்.ஆப்பிள்.காம், கூகுள் பிளேக்கு அதன் ரீஃபண்ட் பக்கம், நேரடிச் சந்தாவுக்குச் சேவையின் வாடிக்கையாளர் பிரிவு. கிடைத்தே தீரும் என்ற உறுதி இல்லை. ஆனால் புதுப்பித்த பிறகு பாட்டே கேட்கவில்லை என்றால் அதைத் தெளிவாக எழுதுங்கள். எடுத்த எடுப்பில் வங்கியிடம் போய்க் கட்டணத்தை மறுக்காதீர்கள். அதனால் உங்கள் கணக்கு முடக்கப்படலாம்; வாங்கி வைத்த பிற பொருள்களும் அதோடு மாட்டிக்கொள்ளும். நிறுத்திய ஆதாரம் கையில் இருந்தும் நிறுவனம் திருப்பித் தர மறுத்தால் அப்போது வங்கிக்குப் போகலாம்.

கடைசியாக, பணம் வழக்கமாகப் போகும் தேதிக்கு இரண்டு நாள் கழித்து ஒரு நினைவூட்டலைப் போனில் வைத்து, அன்று ஸ்டேட்மென்டைத் திறந்து பாருங்கள். அந்த வரி இல்லையென்றால் வேலை முடிந்தது. இருந்தால் அந்த வரியில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் நிறுத்தியது ஒரு கணக்கில், பணம் போவது இன்னொரு கணக்கில் என்பது அங்கே தெரிந்துவிடும்.