நாக்அவுட் சுண்டெலி ஆய்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வியாசர்பாடியிலிருந்தும் தண்டையார்பேட்டையிலிருந்தும் நாக்அவுட் சுண்டெலிகளை, அதாவது ஒரு மரபணு நீக்கப்பட்ட எலிகளை, ஆராயும் சில மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரம்பூரில் உள்ள என் வீட்டுக்குத் தரவுகளுடன் வருகிறார்கள். நான் செய்த அதே பிழைகளை அவர்களிடமும் காண்கிறேன். கூண்டு அட்டையில் தேதி எழுத மறப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஒப்பீட்டு எலிகளைத் தனியே வளர்ப்பது

கூண்டுகளை மிச்சப்படுத்துவதற்காக, மரபணு நீக்கிய எலிகளை ஒரு வரிசையாகவும் இயல்பான எலிகளை வேறொரு வரிசையாகவும் இனப்பெருக்கம் செய்துவிட்டு, இரண்டையும் ஒப்பிடுகிறார்கள். என் மாணவப் பருவத்தில் நானும் இப்படித்தான் ஒன்றரை ஆண்டுகள் செய்தேன். மரபணு நீங்கிய கருக்களில் சிறுநீரகம் சிறுத்திருப்பதாக நம்பி, படங்களைக்கூட அடுக்கிவிட்டேன். பின்னர் ஒரே ஈற்றில் பிறந்த உடன்பிறப்புகளை அளந்தபோது அந்த வேறுபாடு முற்றிலும் மறைந்தது. நான் அளந்தது மரபணுவின் பணியை அல்ல, இரண்டு எலி வரிசைகளின் பரம்பரையை. இன்றும் யாராவது இதைச் செய்வதைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

பழைய நாக்அவுட் எலிகளில் பெரும்பாலானவை 129 எனப்படும் ஆய்வக எலி இனத்தின் கருத்தண்டு செல்களில் (எந்தத் திசுவாகவும் மாறக்கூடிய கருச் செல்களில்) உருவாக்கப்பட்டு, பிளாக் 6 என்ற மற்றோர் ஆய்வக இனத்துடன் கலக்கப்பட்டவை. இந்த இனப் பின்னணி எவ்வளவு முக்கியம் என்பதை, ஈஜிஎஃப்ஆர் (செல்லில் வளர்ச்சிச் சைகையை ஏற்கும் புரதம்) மரபணு குறித்து 1995இல் வெளியான ஆய்வுகள் காட்டின: அதே மரபணுவை நீக்கினாலும், ஓர் இனத்தில் கரு பதியும் காலத்திலேயே இறந்தது, 129இல் கருக்காலத்தின் நடுவில் இறந்தது, மற்றோர் இனத்தில் குட்டிகள் பிறந்து மூன்று வாரங்கள்வரை வாழ்ந்தன. எனவே மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்றை மட்டும் இழந்த ஆணையும் பெண்ணையும் இணைத்து, அவற்றின் ஈற்றிலிருந்தே ஒப்பீட்டு எலிகளை எடுக்க வேண்டும். நான்கில் ஒன்றே நாக்அவுட்டாகக் கிடைக்கும் என்பதால் கூண்டுகள் கூடும். அந்தச் செலவைத் தவிர்க்க வழியில்லை. பத்துத் தலைமுறை பின்கலப்பு செய்தாலும் (அதாவது ஒரே இனத்துடன் மீண்டும் மீண்டும் இணைத்தாலும்), நீக்கிய மரபணுவை ஒட்டிய 129 பகுதி கூடவே வரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

எட்டுக் குட்டிகளைப் பார்த்துக் கருமரணம் என முடிவுகட்டுவது

எட்டில் ஒன்றுகூட நாக்அவுட்டாக இல்லாமல் போவது, தற்செயலாகவே பத்தில் ஒருமுறை நிகழும்.

கருவின் வயதை நாளால் மட்டும் குறிப்பது

ஒரே ஈற்றிலும் வளர்ச்சி வேறுபடும், சோமைட்டுகளை (கருவின் முதுகுப் பக்கம் வரிசையாக உருவாகும் திசுக் கட்டிகளை) எண்ணுங்கள்.

தாயின் திசுவைக் கழுவாமல் டிஎன்ஏ எடுப்பது

டிஎன்ஏ எடுக்கும் மஞ்சள்கருப் பையில் (கருவோடு இணைந்த சவ்வில்) தாயின் திசு ஒட்டியிருந்தால், இரு பிரதிகளையும் இழந்த கரு ஒரு பிரதியை மட்டும் இழந்ததாகவே, டிஎன்ஏ துண்டுகளைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் தெரியும்.