பிரேக் மிதி ஆழமாக அமுங்கியபோது

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் எங்கள் புளோக்கின் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடச் சரிவில் இறங்கும்போது, எஸ்யூவியின் பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாக அமுங்கியது. பின்னிருக்கையில் பிள்ளைகள் இருந்ததால், சாலைக்கே போகாமல் வண்டியை ஓரங்கட்டிவிட்டேன்.

பிரேக் ஆயில் அளவு சரியாக இருந்தது, எந்தச் சக்கரத்தின் உட்புறத்திலும் கசிவில்லை. இன்ஜினை ஓடவிட்டு மிதியை ஒரு நிமிடம் ஒரே அழுத்தத்தில் பிடித்துப் பார்த்தேன். மிதியின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள் கசிந்தால் மிதி மெல்ல இறங்கிக்கொண்டே போகும், இங்கே அது நின்ற இடத்திலேயே நின்றது. ஆனால் அடுத்தடுத்து மூன்று முறை மிதித்தவுடன் கெட்டியானது. ஆயிலைப் போலன்றிக் காற்று சுருங்கும் என்பதால், குழாய்க்குள் காற்று புகுந்திருக்க வேண்டும் என்று முடிவுசெய்தேன். மூன்று வாரங்களுக்கு முன்புதான் பின்சக்கரத்தில் பிரேக் கட்டைகளை அழுத்திப் பிடிக்கும் கேலிப்பரை வேறோர் இடத்தில் மாற்றியிருந்தோம்.

வண்டியை ஓட்டாமல், இழுவை வண்டியில் ஏற்றிக் காக்கி புக்கிட்டில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுசென்றேன். சக்கரத்தருகே காற்றை வெளியேற்ற உள்ள பிளீடர் திருகில், உள்ளே ஓடுவது தெரியும்படியான பிளாஸ்டிக் குழாயை மாட்டி, நான் மிதிக்க அவர் திருகைத் தளர்த்தியபோது, கடுங்காப்பி நிற ஆயிலோடு கடுகளவுக் குமிழ்கள் சரம்சரமாக வந்தன. "நான் இறுக்குற வரைக்கும் காலை எடுக்காதீங்க தம்பி" என்றார். எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும்.

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. டாட் 4 என்ற தர வகையில் புதிய ஆயிலுக்குக் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி செல்சியஸ், ஈரமேறியதற்கோ 155 தான்; அது சூட்டில் எளிதில் கொதித்துக் குமிழிடும். ஆகவே நான்கு சக்கரங்களிலும் பழையதை முழுவதும் வெளியேற்றினோம். இப்போது முதல் அழுத்தத்திலேயே மிதி உறுதியாக நிற்கிறது.