மெகோ பேட்மேன் வாங்கும் முன் உடுப்பைக் கழற்றிப் பாருங்கள்

போன மாதம் நியூ ஜெர்சியில் ஒரு பொம்மைச் சந்தைக்குப் போயிருந்தேன். ஒரு மேசைக்கு முன்னால் கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் மெகோ என்ற பழைய அமெரிக்கக் கம்பெனியின் 8 அங்குல ஸ்பைடர்மேன் பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு பர்ஸை எடுத்துக்கொண்டிருந்தான். பொம்மையைத் திருப்பி, முதுகில் உடுப்பை லேசாக விலக்கி, அங்கே ரோமன் எண்ணில் இருந்த 1971ஐ எழுத்துக்கூட்டிப் படித்தான். "அண்ணா, எழுபத்தொண்ணு! முதல் வருஷப் பொம்மை" என்று என்னிடம் காட்டினான். முகமெல்லாம் சந்தோஷம். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நானும் இதே எண்ணைப் படித்துவிட்டு இதே மாதிரி பர்ஸை எடுத்தவன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பொம்மையை வெயிலில் வைக்காதீர்கள், மங்கலான படத்தை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அது யாருக்கும் தெரியும். மெகோ பொம்மைகளுக்கென்றே இருக்கும் தவறுகளை மட்டும் பார்ப்போம். அதற்கு இந்தப் பொம்மைகள் எப்படி உருவாயின என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

மெகோ 1954ல் நியூயார்க்கில் டேவிட் ஏப்ரம்ஸ், மேடலின் ஏப்ரம்ஸ் தம்பதி தொடங்கிய நிறுவனம். வெகுகாலம் மலிவு விலைப் பொம்மைகளைத்தான் விற்றார்கள். 1971ல் மகன் மார்ட்டி ஏப்ரம்ஸ் தலைமைக்கு வந்தார். அந்த வருஷம் ஆக்‌ஷன் ஜாக்சன் என்ற 8 அங்குல பொம்மை வந்தது. ஹாஸ்ப்ரோவின் 12 அங்குல ஜி.ஐ. ஜோவுக்குப் போட்டியாக, அதைவிடச் சின்னதாக, விலை குறைவாக ஒன்று. அது பெரிதாக ஓடவில்லை. ஆனால் உடலுக்கான அச்சு கையில் இருந்தது. அதே உடலுக்குப் புதுத் தலை, புது உடுப்பு போட்டு 1972ல் பேட்மேன், ராபின், சூப்பர்மேன், அக்வாமேன் நால்வரையும் இறக்கினார்கள். வரிசைக்கு 'வேர்ல்ட்ஸ் கிரேட்டஸ்ட் சூப்பர் ஹீரோஸ்' என்று பெயர். சீக்கிரமே ஸ்பைடர்மேனும் கேப்டன் அமெரிக்காவும் சேர்ந்தார்கள். டி.சி., மார்வெல் என்ற இரண்டு போட்டிக் காமிக்ஸ் கம்பெனிகளின் ஹீரோக்களும் ஒரே பெயரின் கீழ் ஒரே அலமாரியில் நின்றார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அது ஆச்சரியம்தான்.

ஒரே உடல், மாறும் தலை, மாறும் உடுப்பு. மெகோவின் முழு வியாபாரமும் இந்த மூன்றில் அடங்கும். புதுப் பாத்திரம் வேண்டுமென்றால் புதுத் தலையை வார்த்து உடுப்பைத் தைத்தால் போதும், முழுப் பொம்மைக்கும் அச்சு செய்யத் தேவையில்லை. ஸ்டார் ட்ரெக், பிளானட் ஆஃப் தி ஏப்ஸ் என்று மற்ற வரிசைகளுக்கும் இதே வழிதான். அன்றைக்கு மெகோவைத் தூக்கி நிறுத்திய அதே ஏற்பாடுதான் இன்றைக்கு நம் காசைக் கரைக்கிறது. கீழே வரும் தவறுகளில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

முதுகில் இருக்கும் ஆண்டைப் பொம்மையின் வயது என்று நினைப்பது

அது உடல் வடிவத்துக்கான உரிமை ஆண்டு. 1971 என்று அச்சான முதுகு, பல வருஷம் கழித்து வந்த பொம்மைகளிலும் உண்டு. தலையின் பின்பக்கம், கழுத்துக்கு மேலே இருக்கும் எழுத்தும் அப்படித்தான். சூப்பர்மேன், பேட்மேன் தலைகளில் அன்றைய டி.சி.யின் சட்டப்பூர்வப் பெயரான நேஷனல் பீரியாடிகல் பப்ளிகேஷன்ஸின் முதலெழுத்துகளும் 1972ம் இருக்கும். அந்தத் தலை உண்மையான மெகோ தலைதானா என்று பார்க்க அது உதவும். எந்த வருஷம் கடைக்கு வந்தது என்று சொல்லாது.

வயதைத் தெரிந்துகொள்ள மூட்டைப் பாருங்கள். முதல் வகை உடலில் முழங்கையிலும் முழங்காலிலும் உலோக ஆணித்தலை தெரியும். பிறகு வந்த இரண்டாம் வகையில் அந்த இடம் பிளாஸ்டிக். இது மாறியது 1974 வாக்கில். ஐந்து வினாடி வேலைதான், ஆனால் உடுப்பின் கையை மேலே சுருட்டினால்தான் தெரியும். சந்தையில் அப்படிச் சுருட்டிப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

'கம்ப்ளீட்' என்ற சொல்லை நம்புவது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் ஆகியும் நினைத்தால் வயிறு எரிகிறது.

முதலில் வந்த பேட்மேனுக்கும் ராபினுக்கும் முகமூடியைக் கழற்றி மாட்டலாம். பேட்மேனுக்குத் தலை முழுவதையும் மூடும் நீல முகமூடி. அதை எடுத்தால் உள்ளே புரூஸ் வெய்ன் முகம். குழந்தைகள் கையில் அது எத்தனை நாள் தங்கும்? சோபாவுக்கு அடியில் போயிருக்கும், வாக்வம் கிளீனருக்குள் போயிருக்கும். மெகோவும் சீக்கிரமே முகமூடியைத் தலையோடு சேர்த்தே வார்க்க ஆரம்பித்தது. அதனால் கழற்றும் முகமூடியோடு இருக்கும் பேட்மேனுக்கு இன்றைக்குத் தனி மதிப்பு.

எனக்கு அப்படி ஒன்று வேண்டும் என்று மூன்று வருஷம் தேடினேன். ஒருநாள் இணையத்தில் ஒருவர் விற்பனைக்குப் போட்டிருந்தார். படங்கள் பளிச்சென்று இருந்தன. முகமூடி, கேப், பெல்ட், கையுறை, பூட்ஸ் எல்லாம் இருந்தன. 'கம்ப்ளீட்' என்று எழுதியிருந்தார். 340 டாலர் கொடுத்து வாங்கினேன்.

பெட்டியைப் பிரித்ததும் ஒரு வாசனை வந்தது. புது ஷவர் திரையைப் பிரித்தால் வருமே, அந்த வாசனை. நாற்பது வருஷப் பழைய வினைலுக்கு அப்படி ஒரு வாசனை இருக்காது. கையுறைகளைத் தொட்டுப் பார்த்தேன், மெத்தென்று இருந்தன. பழைய மெகோ கையுறை ஒன்று விறைத்துப் போயிருக்கும், இல்லையென்றால் விரலில் லேசாக ஒட்டும். சரி, கையுறை மட்டும் புதிது போலிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டு உடுப்பைக் கழற்றினேன். முழங்கையில் ஆணி இல்லை. இரண்டாம் வகை உடல்! முகமூடி கழற்றும் பேட்மேன் வந்த காலத்தில் இந்த உடலே கிடையாது. அதைவிட, மார்பில் தோள் வரைக்கும் திட்டுத் திட்டாக வெளிர் சிவப்புச் சாயம். பேட்மேனின் சாம்பல் நிற உடுப்பில் சிவப்பு ஏது? சிவப்புச் சட்டையை வருஷக்கணக்கில் போட்டிருந்த வேறு ஏதோ பொம்மையின் உடல் அது. ஸ்டார் ட்ரெக் வரிசையின் ஸ்காட்டியாக இருக்கலாம்.

முகமூடியை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். விளிம்பு சீராக, கூர்மையாக, நேற்று வெட்டியது போல இருந்தது. அதுவும் ரீப்ரோ, அதாவது இந்தக் காலத்தில் செய்த நகல். மார்பிலிருந்த வௌவால் ஸ்டிக்கரும் புதிது. ஆக, என்னிடம் வந்த அசல் மெகோ பேட்மேன் என்பது ஒரு தலையும் ஓர் உடுப்பும் மட்டும். விற்றவருக்கு எழுதினேன். "கம்ப்ளீட் என்றுதானே போட்டேன், எல்லாம் அசல் என்று போடவில்லையே" என்று பதில் வந்தது. சொல்லளவில் அவர் பொய் சொல்லவில்லை. கேட்க வேண்டிய கேள்வியை நான்தான் கேட்கவில்லை.

மெகோவுக்கு நகல் உதிரிகள் செய்வது பல வருஷமாக நடக்கும் நேர்மையான தொழில். உடைந்த பொம்மையைச் சரிசெய்ய நானே வாங்குகிறேன், அதில் தப்பே இல்லை. அந்த உதிரிகளைப் போட்ட பொம்மை நாலு கை மாறி, எது புதிது என்ற தகவல் நடுவில் எங்கோ தொலைந்துபோவதுதான் பிரச்சினை. மற்றப் பொம்மை வரிசைகளில் ஒரு வாளோ துப்பாக்கியோ நகலாக இருக்கலாம். மெகோவில் தலையைத் தவிர எல்லாமே வேறாக இருக்க முடியும். அதுதான் இதை இவ்வளவு ஆபத்தாக்குகிறது.

விலை ஏற ஏற ஆபத்தும் ஏறும். 1974ல் மான்ட்கோமரி வார்ட் கடைக்காக மட்டும் கிளார்க் கென்ட், புரூஸ் வெய்ன், டிக் கிரேசன், பீட்டர் பார்க்கர் என்று நாலு ரகசிய அடையாளப் பொம்மைகள் வந்தன. கோட்டு, சட்டை, பேன்ட் போட்ட சாதாரண மனிதர்கள். மெகோவிலேயே மிக அரிதானவற்றில் இவையும் உண்டு. உடுப்பில்தான் மதிப்பே இருக்கிறது, உடுப்புதான் நகலெடுக்க ஆகச் சுலபம். முன்பின் தெரியாத விற்பனையாளரிடமிருந்து இந்த நாலில் ஒன்றை நீங்கள் ஒருநாளும் வாங்காதீர்கள்.

இப்போது வாங்குவதற்கு முன் நான் கேட்பவை: உடுப்பில்லாத உடலின் முன்பக்கம், பின்பக்கம், மூட்டுகள். தலையின் பின்னாலிருக்கும் எழுத்து. உடுப்பை உள்வெளியாகத் திருப்பிய படம். பிரஸ் பட்டனைச் சுற்றித் துரு இருந்தால் எனக்கு நிம்மதி, புதுத் துணியில் அது இருக்காது. தலையின் தோல் நிறமும் கையின் தோல் நிறமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்ப்பேன். கடைசியாக ஒரே ஒரு கேள்வி: "இதில் எந்தப் பாகம் அசல் இல்லை?" 'எல்லாம் அசலா?' என்று கேட்டால் "எனக்குத் தெரிந்தவரை" என்று பதில் வரும். எது அசல் இல்லை என்று கேட்டால் நேர்மையானவர் யோசித்துச் சொல்வார், மற்றவர் பதிலே போட மாட்டார். இரண்டுமே எனக்குப் போதும்.

பூட்ஸை இழுத்துக் கழற்றுவது

கிழிந்துவிடும். ஹேர் டிரையரில் லேசாகச் சூடு காட்டி, இளகியதும் மெதுவாக உருவுங்கள்.

கழற்றியதும் காலைப் பாருங்கள். வினைலை மென்மையாக வைப்பதற்குக் கலந்த ரசாயனம் காலப்போக்கில் வெளியே கசிந்து, கூடவே இருக்கும் பிளாஸ்டிக்கை அரிக்கும். பூட்ஸ் இருந்த இடத்தில் கால் பளபளப்பாக, உருகி உறைந்தது போலத் தெரிந்தால் அதுதான் காரணம். காட்சிக்கு வைக்காத பொம்மைகளின் பூட்ஸையும் கையுறையையும் நான் தனியாகக் கழற்றித் தாளில் சுற்றி வைக்கிறேன்.

தொங்கும் கையை உடைந்த கை என்று நினைப்பது

கையையும் காலையும் உள்ளே எலாஸ்டிக் இழுத்துப் பிடித்திருக்கிறது. ஐம்பது வருஷத்தில் அது நைந்துவிடும், பொம்மை கையில் வரும்போதே தொளதொளவென்று ஆடும். பலர் இதைப் பார்த்துவிட்டுப் பசை தடவி ஒட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். புது எலாஸ்டிக் கோர்த்தால் பொம்மை பழையபடி நிற்கும், பசை போட்ட மூட்டை என்னால்கூடத் திரும்ப எடுக்க முடிந்ததில்லை. இப்படி ஆடுகிற பொம்மையைப் பாதி விலைக்குத் தருவார்கள். அசல் பாகங்கள் இருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

உடுப்பைத் துவைப்பது

வேண்டாம். சாயம் போகும், ஸ்டிக்கர் உரியும்.

8 அங்குல ஃபிளாஷையும் கிரீன் லான்டர்னையும் தேடுவது

அன்றைய மெகோ இந்த இரண்டு டி.சி. ஹீரோக்களைச் செய்யவே இல்லை. 1976ல் டீன் டைட்டன்ஸ் என்று வந்த நாலு சின்ன ஹீரோக்களில் கிட் ஃபிளாஷ் உண்டு, அவ்வளவுதான். 'மெகோ ஃபிளாஷ்' என்று யாராவது பழைய பொம்மையாக விற்றால் அது யாரோ வீட்டில் செய்தது.

புது மெகோவைப் பழையதாக வாங்குவது

மார்ட்டி ஏப்ரம்ஸே 2018ல் மெகோவை மீண்டும் கொண்டுவந்தார். இங்கே மட்டும் ஆண்டு உதவும், படியுங்கள்.

ஸ்டார் வார்ஸ் கதையை அப்படியே நம்புவது

இது காசு போகும் தவறு இல்லை, ஆனால் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பொறுக்காது. மெகோ 1976ல் ஸ்டார் வார்ஸ் பொம்மைகள் செய்யும் உரிமையை வேண்டாம் என்றது, கென்னர் என்ற போட்டிப் பொம்மைக் கம்பெனி எடுத்துக்கொண்டது, மெகோ மூழ்கியது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். மறுத்தது உண்மை. ஆனால் அந்த நேரத்தில் மெகோவிடம் ஜப்பானின் டகாரா கம்பெனியிடமிருந்து வாங்கிய மைக்ரோநாட்ஸ் என்ற பொம்மை வரிசை இருந்தது, அது நன்றாக விற்றது. ஸ்டார் வார்ஸ் போன பிறகு அதை ஈடுகட்டத்தான் தடுமாறினார்கள். ஸ்டார் ட்ரெக்கின் முதல் சினிமா, தி பிளாக் ஹோல், மூன்ரேக்கர், பக் ராஜர்ஸ் என்று அடுத்தடுத்து உரிமைகளை வாங்கிக் குவித்தார்கள். எதிர்பார்த்த அளவுக்கு எதுவும் போகவில்லை. கடன் ஏறியது. 1978ல் கென்னரின் ஸ்டார் வார்ஸ் பொம்மைகள் மூன்றே முக்கால் அங்குலத்தில் வந்த பிறகு துணி உடுப்புப் போட்ட 8 அங்குல பொம்மையே பழையதாகத் தெரிய ஆரம்பித்தது. 1982ல் திவால் மனு, 1983ல் கடை மூடல். 1984ல் சூப்பர் பவர்ஸ் வரிசை வந்தபோது டி.சி. ஹீரோக்கள் கென்னரிடம் போயிருந்தார்கள். அவர்கள் உடம்பில் உடுப்பு அச்சிலேயே வார்க்கப்பட்டிருந்தது. துணியில் தைத்தது கேப் போன்ற ஓரிரண்டு மட்டும்.

சந்தையில் பார்த்த அந்தப் பையனிடம் ஸ்பைடர்மேனின் கையைச் சுருட்டச் சொன்னேன். ஆணி இல்லை, இரண்டாம் வகை. ஆனால் உடலும் தலையும் உடுப்பும் பொருந்தின, துணியின் உட்பக்கம் ஒரே சீராக மங்கியிருந்தது. "முதல் வருஷம் இல்லை தம்பி, ஆனா சுத்தமான பொம்மை. விலையைக் குறைச்சுக் கேளு" என்றேன். இருபது டாலர் குறைத்து வாங்கிக்கொண்டு போனான்.

என் பேட்மேனுக்கு அப்புறம் ஆணி வைத்த உடல் ஒன்று கிடைத்தது. கையுறையும் அசலாகவே மாற்றிவிட்டேன், விரல் பிரியாத அந்த முதல் வகை, அமெரிக்காவில் 'ஓவன் மிட்' என்பார்களே, அது. முகமூடி மட்டும் இன்னும் அந்த நகல்தான். அதன் உள்பக்கம் 'ரீப்ரோ' என்று அழியாத மையில் எழுதி வைத்திருக்கிறேன்.