ஸ்பானிஷில் பல்வலியைச் சொல்ல ஆங்கிலம் வழியாகப் போகாதீர்கள்

ஸ்பானிஷ் கற்கும் தமிழர்களில் பெரும்பாலோர் அதை ஆங்கிலம் வழியாகத்தான் கற்கிறார்கள். செயலியில் விளக்கம் ஆங்கிலத்தில் இருக்கிறது, பாடப்புத்தகமும் அப்படித்தான். காய்கறி வாங்கவும் ரயில் டிக்கெட் எடுக்கவும் இந்த வழி போதும். கன்னம் வீங்கி, ராத்திரி முழுக்கத் தூங்காமல், மாட்ரிட்டிலோ மெக்சிகோ நகரத்திலோ ஒரு பல் மருத்துவர் முன்னால் உட்காரும்போதுதான் அது காலை வாரும். வலியில் இருக்கிறவர் முதலில் தமிழில் நினைக்கிறார், அதை ஆங்கிலமாக்குகிறார், பிறகு ஸ்பானிஷாக்குகிறார். நடுவில் வரும் அந்த ஆங்கிலப் படிதான் பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். உடம்பின் வேதனையைச் சொல்லும் விதத்தில் ஸ்பானிஷ் தமிழுக்கு அவ்வளவு நெருக்கமாக இருக்கிறது.

முதல் வாக்கியத்தையே பாருங்கள். ‘மே துவேலே லா முவேலா.’ மே என்றால் எனக்கு, துவேலே என்றால் வலிக்கிறது, முவேலா என்றால் கடைவாய்ப்பல். அப்படியே ‘எனக்குக் கடைவாய்ப்பல் வலிக்கிறது.’ ஆங்கில வழியில் வருபவர் ‘என் பல்’ என்று தொடங்கி ‘மி முவேலா துவேலே’ என்பார். மருத்துவருக்குப் புரியும், ஆனாலும் அது ஸ்பானிஷ்காரர் பேசும் பேச்சாக இருக்காது. உடம்பின் உறுப்புக்கு ‘என்’ போடுவது அங்கே வழக்கமில்லை. யாருக்கு வலிக்கிறது என்பதை ‘மே’ சொல்லிவிடுகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட பற்கள் வலித்தால் ‘மே துவேலென் லாஸ் முவேலாஸ்’ என்று வினையையும் பன்மையாக்க வேண்டும். பேச்சுத் தமிழில் ‘பல்லெல்லாம் வலிக்குது’ என்று ஒருமையிலேயே விட்டுவிடுவோம், அதனால் இந்த ஒரு இடத்தில் மட்டும் கவனம் தேவை.

எவ்வளவு நாளாக வலி என்று மருத்துவர் நிச்சயம் கேட்பார். ‘மூன்று நாளாக வலிக்கிறது’ என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதைப் போலவே ஸ்பானிஷிலும் நிகழ்காலம்தான்: ‘மே துவேலே தெஸ்தே ஆசே த்ரெஸ் தீயாஸ்.’ ஆங்கிலத்தின் காலக் கணக்கை இதற்குள் கொண்டுவந்து வினையை முறுக்கினால், வலி போன வாரம் வந்து போய்விட்டது என்றுகூட அவர் எடுத்துக்கொள்ளலாம்.

பல் உடைந்தாலும் அடைத்தது விழுந்தாலும் இதே கதைதான். ‘நான் என் பல்லை உடைத்துவிட்டேன்’ என்று தமிழில் யாரும் சொல்வதில்லை, பல் உடைந்துவிட்டது என்போம். ஸ்பானிஷும் பழியை ஆள் மேல் போடாது. ‘சே மே ஆ றோத்தோ உன் தியென்தே’ என்றால் எனக்கு ஒரு பல் உடைந்துவிட்டது. ‘சே மே ஆ காயீதோ எல் எம்பாஸ்தே’ என்றால் அடைத்தது விழுந்துவிட்டது. ஈறில் ரத்தம் வந்தால் ‘மே சாங்ரான் லாஸ் என்சீயாஸ்.’ பயமாக இருந்தால் ‘மே தா மியேதோ’, அதாவது எனக்குப் பயமாக இருக்கிறது. எல்லாவற்றிலும் அந்த ‘எனக்கு’ வந்து நிற்பதைக் கவனியுங்கள். நான்காம் வேற்றுமையைப் பள்ளியில் மனப்பாடம் செய்தது இங்கே நேரடியாகக் கைகொடுக்கிறது.

உச்சரிப்பிலும் ஆங்கிலப் பழக்கம் குறுக்கே வரும். ஸ்பானிஷின் த ஒலிகள் பல்லில் நாக்கு படும் ஒலிகள், நம் ‘த’ மாதிரி. ‘டென்டிஸ்டா’ என்று ஆங்கில வாடையோடு சொல்லாமல் ‘தென்திஸ்தா’ என்று தமிழ் நாக்கிலேயே சொல்லுங்கள். துவேலேயில் வரும் ‘து’வைப் பேச்சில் ‘துரை’ என்னும்போது வருவதுபோல மென்மையாக ஒலிக்க வேண்டும். பற்காரைக்கு அங்கே ‘சார்ரோ’ என்று பெயர், அதில் ரகரம் நன்றாக உருள வேண்டும். வயது சொல்லும்போது ‘தெங்கோ த்ரெயின்தா ஆஞோஸ்’, எனக்கு முப்பது வயது. இந்த ‘ஞ’ நமக்குச் சொந்த எழுத்து. அதை ‘ன’ ஆக்கி ‘ஆனோஸ்’ என்றால் ஆசனவாய் என்று பொருள் வந்துவிடும். படிவம் நிரப்பும்போதும் அந்த எழுத்தின் மேலே உள்ள வளைகோட்டை விட்டுவிடாதீர்கள். இன்னொன்று: ஸ்பெயினின் பெரும்பகுதியில் சில ‘ச’ ஒலிகளை நாக்கைப் பற்களுக்கு இடையே வைத்துச் சொல்வார்கள், லத்தீன் அமெரிக்காவில் அப்படி இல்லை. இந்தக் கட்டுரையில் லத்தீன் அமெரிக்க ஒலியையே எழுதியிருக்கிறேன்.

சரி, எந்தப் பல் என்று எப்படிச் சொல்வது? ‘தியென்தே’ என்ற ஒரே சொல்லை எல்லாப் பற்களுக்கும் போடுவது பலர் செய்யும் தவறு. அது பொதுச்சொல்தான், ஆனாலும் பேச்சில் முன்பல்லைத்தான் நினைவுபடுத்தும். கடைவாய்ப்பல் முவேலா, கோரைப்பல் கொல்மீயோ. ஞானப்பல் ‘முவேலா தெல் ஹுயீசியோ’, பகுத்தறிவின் பல். கொலம்பியா, வெனிசுவேலா, கோஸ்டா ரிக்கா பக்கம் அதையே ‘கொர்தால்’ என்பார்கள். மேலே என்றால் அர்ரீபா, கீழே என்றால் அபாஹோ, வலது தெரேச்சா, இடது இஸ்கியேர்தா. பழைய எக்ஸ்ரேயோ சிகிச்சைச் சீட்டோ கையில் இருந்தால் கட்டாயம் எடுத்துப் போங்கள். பற்களுக்கு இரண்டு இலக்க எண் கொடுக்கும் பன்னாட்டு முறையை ஸ்பெயினிலும் பயன்படுத்துகிறார்கள், இந்தியாவிலும் பயன்படுத்துகிறார்கள். 46 என்று எழுதியிருந்தால் இரண்டு இடத்திலும் நோயாளியின் வலது கீழ்த்தாடையில் உள்ள முதல் பெரிய கடைவாய்ப்பல்தான். அமெரிக்காவில் மட்டும் வேறு கணக்கு, அங்கே அதே பல்லுக்கு 30 என்று பெயர். அமெரிக்காவிலிருந்து எல்லை தாண்டி மெக்சிகோவின் லோஸ் அல்கோதோனெஸ் ஊருக்குப் பல் வைத்தியத்துக்கென்றே ஏராளமானோர் போகிறார்கள். அப்படிப் போகிறவர்கள் இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

சிகிச்சைப் பெயர்களை ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் மாற்றாதீர்கள். வேர் சிகிச்சையை ‘கனால் தெ ரயீஸ்’ என்று தாமாகவே உருவாக்கிச் சொல்கிறவர்கள் உண்டு. அதற்கு ‘எந்தொதோன்சியா’ என்பதுதான் எங்கும் செல்லும் பெயர். ஸ்பெயினில் சாதாரண மக்கள் ‘மத்தார் எல் நேர்வியோ’, நரம்பைக் கொல்வது, என்றும் சொல்வார்கள், அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். சொத்தை என்பது ‘காரியெஸ்’. ஒருமையிலும் பன்மையிலும் அதே வடிவம்தான், கடைசி எழுத்தை வெட்டி ‘காரியே’ என்று ஒருமையாக்கக் கூடாது. சொத்தைப்பல்லை வீட்டுப் பேச்சில் ‘முவேலா பிக்காதா’ என்பார்கள்.

சொத்தையை அடைப்பதற்குத்தான் நாட்டுக்கு நாடு பெயர் மாறுகிறது. ஸ்பெயினில் எம்பாஸ்தே, சிலியில் தாபாதூரா, கொலம்பியாவில் கால்சா. மெக்சிகோவில் அடைக்கும் பொருளை வைத்து அமல்காமா, ரெசீனா என்பார்கள். ஒரு நாட்டில் கற்ற சொல்லை இன்னொரு நாட்டில் பிடிவாதமாகத் திரும்பத் திரும்பச் சொல்வதால் பயனில்லை. பல்லைக் காட்டி, இங்கே அடைத்தது விழுந்துவிட்டது என்று சொன்னால் போதும். இதைவிடக் குழப்பமானது ‘ஃப்ரெனீயோ’. சிலியில் ஃப்ரெனீயோஸ் என்றால் பல்லுக்குப் போடும் கம்பி, ஸ்பெயினில் ஃப்ரெனீயோ என்றால் நாக்கின் அடியிலும் உதட்டின் உட்புறத்திலும் இருக்கும் சிறு சவ்வு மடிப்பு. குழந்தைக்குக் கம்பி போட விசாரிக்கப் போனவர் நாக்கு அறுவைச் சிகிச்சை பற்றிக் கேட்டதாக ஆகிவிடும். ஸ்பெயினில் ‘அபராத்தோ’ என்றோ ‘பிராக்கெத்ஸ்’ என்றோ கேளுங்கள். ஈறு வீங்கிச் சீழ் கட்டினால் ஸ்பெயினில் அதை ‘ஃப்ளெமோன்’ என்பார்கள், சளியைக் குறிக்கும் சொல்லோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

உண்மையில் ஆபத்தான தவறுகள் இனிமேல்தான் வருகின்றன. உடல்நிலை பற்றிய கேள்விகளில் பதில் தப்பினால் இலக்கணப் பிழையோடு போகாது. 1980இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஒரு 18 வயது இளைஞர் மயங்கிய நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். ஸ்பானிஷ் பேசும் குடும்பத்தார் ‘இன்தொக்சிகாதோ’ என்றார்கள். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவர்கள் சொல்ல வந்தது. மருத்துவர்கள் போதைப்பொருள் என்று எடுத்துக்கொண்டார்கள். மூளையில் ரத்தக்கசிவு இருந்தது தெரிய வருவதற்குள் நேரம் கடந்து, அந்த இளைஞரின் கைகால்கள் செயலிழந்துவிட்டன.

அதனால் ‘த்ரோகா’ என்ற சொல்லை மருந்துக்குப் பயன்படுத்தாதீர்கள். ஸ்பெயினில் அது போதைப்பொருளைத்தான் முதலில் குறிக்கும். மருந்துக்கு மெதிகாமென்தோ அல்லது மெதிகாசியோன். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பல் பிடுங்குவதற்கு முன்பே ‘தோமோ அன்திகோஆகுலான்தெஸ்’ என்று சொல்லியே ஆக வேண்டும். வணிகப் பெயர் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் மருந்தின் பொதுப்பெயரை (ஜெனரிக் பெயர்) எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் அசிட்ரோம் என்று விற்கும் அசெனோகூமரால் ஸ்பெயினில் சின்த்ரோம் என்ற பெயரில் கிடைக்கிறது. பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் ஆண் ‘சோய் அலெர்ஹிக்கோ ஆ லா பெனிசிலீனா’ என்றும் பெண் ‘அலெர்ஹிக்கா’ என்றும் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் விகுதி நினைவுக்கு வராவிட்டால் ‘தெங்கோ அலெர்ஹியா’ என்று சொல்லிவிடுங்கள், அது இருபாலருக்கும் பொருந்தும்.

‘தென்சியோன்’ என்று காதில் விழுந்தால் நாம் மன அழுத்தத்தைத்தான் நினைப்போம், தமிழில் டென்ஷன் அப்படி ஊறிப்போன சொல். ஸ்பெயினில் மருத்துவர் ‘தென்சியோன் ஆல்தா’ இருக்கிறதா என்று கேட்டால் அவர் கேட்பது ரத்த அழுத்தத்தை. ‘இல்லை, நான் நிம்மதியாகத்தான் இருக்கிறேன்’ என்ற பொருளில் ஒரு பிரஷர் நோயாளி ‘நோ’ சொல்லிவிடக் கூடாது. லத்தீன் அமெரிக்காவில் இதற்கு ப்ரெசியோன் என்பார்கள். சுகர் இருக்கிறது என்று நாம் சொல்வதைப் போல ‘தெங்கோ அசூகார்’ என்று அங்கேயும் பேச்சில் உண்டு, ஆனால் மருத்துவரிடம் ‘சோய் தியபேத்திக்கோ’, பெண் என்றால் ‘தியபேத்திக்கா’, என்பதே தெளிவு.

‘எம்பராசாதா’ என்றால் கர்ப்பமாக இருப்பவர். சங்கடம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் போல ஒலிப்பதால் பலர் ஏமாறுகிறார்கள். எக்ஸ்ரே எடுக்கும் முன் பெண்களிடம் இதைக் கேட்பார்கள், சுவரிலும் எழுதியிருக்கும். கூச்சமாக இருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால் ‘மே தா பெர்குவென்சா’, மறுபடியும் அதே ‘எனக்கு.’ சூடாக எதையாவது குடித்தால் வலிக்கிறது என்பதற்கு ‘மே துவேலே கோன் லோ காலியென்தே’. ‘எஸ்தோய் காலியென்தே’ என்று சொல்லவே வேண்டாம், அதற்குக் காம உணர்ச்சியில் இருப்பதாகப் பொருள்.

ஊசி போட்ட பிறகு வரும் ஒரு தவறைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. உணர்ச்சி இருக்கிறதா என்று மருத்துவர் கேட்கிறார். இன்னும் உணர்கிறேன் என்று சொல்ல நினைத்து ‘லோ சியென்தோ’ என்கிறார் நோயாளி. சொற்களைப் பிரித்தால் ‘அதை உணர்கிறேன்’ என்றுதான் வரும். ஆனால் ஸ்பானிஷில் மன்னிப்புக் கேட்க எல்லோரும் சொல்வது இதையே. ‘பரவாயில்லை’ என்று சொல்லி அவர் வேலையைத் தொடங்கிவிடலாம். ‘தொதவீயா மே துவேலே’, இன்னும் வலிக்கிறது, என்று தெளிவாகச் சொல்லுங்கள். உதடு மரத்துவிட்டதென்றால் ‘சே மே ஆ தொர்மீதோ எல் லாபியோ’, அவர்கள் பேச்சில் உதடு தூங்கிவிட்டது.

வாயைத் திறந்த பிறகு பேச்சு கிடையாது. தலையசைப்பு நம்மைக் காட்டிக்கொடுக்கும். சம்மதத்துக்கு நாம் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவதை அங்கே மறுப்பாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு, வாய்க்குள் கருவி இருக்கும்போது தலையை அசைப்பதும் நல்லதல்ல. தொடங்குமுன்பே ‘வலித்தால் கையைத் தூக்குகிறேன்’ என்று சைகையோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்: ‘சி மே துவேலே, லெவான்தோ லா மானோ.’ மருத்துவர் சொல்லும் கட்டளைகள் கொஞ்சம்தான். ஆப்ரா என்றால் திறங்கள், சியேர்ரே என்றால் மூடுங்கள், முவேர்தா என்றால் கடியுங்கள், என்ஹுவாகெசே என்றால் கொப்பளியுங்கள், எஸ்கூப்பா என்றால் துப்புங்கள். ஸ்பெயினில் பல மருத்துவர்கள் ‘நீ’ வடிவத்தில் பேசுவார்கள், அதில் அவமதிப்பு இல்லை. நீங்கள் ‘உஸ்தேத்’ என்று மரியாதையாகவே பேசலாம்.

புரியாமல் ‘சீ, சீ’ என்று ஆமாம் போடுவது பணத்தையும் கரைக்கும். ஸ்பெயினின் அரசு மருத்துவத்தில் பெரியவர்களுக்குப் பல் பிடுங்குவது, கடும் தொற்றுக்கு மருத்துவம் பார்ப்பது போன்றவைதான் பொதுவாக அடக்கம். சொத்தை அடைக்கவும் வேர் சிகிச்சைக்கும் பெரும்பாலும் தனியார் மருத்துவரிடம்தான் போக வேண்டும். அங்கே முதலில் கேட்க வேண்டியது ‘ப்ரெசுபுவெஸ்தோ’, செலவுக் கணக்கு, அதுவும் எழுத்தில். அறுவைச் சிகிச்சைக்கு முன் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். சிகிச்சை பற்றிப் புரியும்படி தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை என்று 2002ஆம் ஆண்டின் 41ஆம் எண் சட்டம் சொல்கிறது. ‘மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபவோர்’, மெதுவாகச் சொல்லுங்கள், என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

மருந்துச் சீட்டுக்கு ‘றெசேத்தா’ என்று பெயர், சமையல் குறிப்புக்கும் அதே சொல்தான். ‘காதா ஓச்சோ ஓராஸ்’ என்றால் எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ‘கொமீதா’ பொதுவாக உணவு என்றாலும், ஸ்பெயினில் காலை, கொமீதா, இரவு என்று வரிசையாக எழுதியிருந்தால் அங்கே மதியச் சாப்பாடு, அதுவும் இரண்டு மூன்று மணிக்குச் சாப்பிடுவது. மருந்து வாங்கப் பச்சைச் சிலுவை எரியும் ‘ஃபர்மாசியா’வுக்குப் போங்கள். ‘த்ரோகெரீயா’ என்ற பலகை கொலம்பியாவில் மருந்துக்கடை, ஸ்பெயினில் சோப்பும் பினாயிலும் விற்கும் கடை. நடு ராத்திரியில் வலி வந்தால் ‘ஃபர்மாசியா தெ குவார்தியா’ எது என்று கேளுங்கள், இரவு முறைக்குத் திறந்திருக்கும் கடை அது. சீட்டு இல்லாமல் அங்கே ஆன்டிபயாட்டிக் தர மாட்டார்கள், பாராசிட்டமால் கிடைக்கும்.