தாத்தாவின் நோட்டுகளுக்குப் பட்டியல் போடுவது எப்படி?

சிங்கப்பூரில் வெளியாகும் ஒவ்வோர் அச்சு நூலிலும் 2 பிரதிகளை 4 வாரங்களுக்குள் தேசிய நூலகத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். தாத்தாவின் கணக்கு நோட்டுக்கோ பாட்டிக்கு வந்த கடிதத்துக்கோ அப்படிச் சட்டம் இல்லை. யாராவது கொடுத்தால் அல்லது நூலகம் விலைக்கு வாங்கினால்தான் அவை அங்கே போய்ச் சேரும். அதனால் முதல் வேலை நம் வீட்டு அலமாரியில்தான்.

1. கலைக்காதீர்கள். கட்டு எப்படி இருக்கிறதோ அப்படியே கைப்பேசியில் படம் எடுங்கள். தேதிவாரியாக அடுக்கினால் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் எந்தக் கடிதத்தோடு எந்த ரசீதை அவர் சேர்த்து வைத்தார் என்ற தடயம் போய்விடும்.

2. துருப்பிடித்த குண்டூசிகளை மெல்ல எடுத்துவிடுங்கள். செல்லோடேப், லேமினேட் இரண்டும் வேண்டவே வேண்டாம். நம் ஊர் ஈரக்காற்றுக்கு அமிலமில்லாத தாள் உறையும் அட்டைப்பெட்டியும் நல்லது.

3. ஒவ்வொரு தாளின் முன்பக்கத்திலும் வலது மேல் மூலையில் பென்சிலால் சிறிதாக எண் இடுங்கள். வெற்றுத் தாளுக்கும்தான். இல்லாவிட்டால் பின்னால் ஒரு தாள் காணாமல் போனதாகச் சந்தேகம் வரும்.

4. சரி, இப்போது பட்டியல். எழுதியவர், தலைப்பு, காலம், தாள் எண்ணிக்கை, மொழி, தாளின் நிலை. தலைப்பு இல்லையென்றால் நீங்களே வைத்துச் சதுர அடைப்புக்குள் போடுங்கள்: [நாகப்பட்டினத்திலிருந்து வந்த கடிதங்கள்]. அடைப்பைப் பார்த்ததும் அது எழுதியவர் வைத்த தலைப்பல்ல என்று நூலகருக்குப் புரியும்.

காலத்தைக் குறிக்கும்போது நிதானம் தேவை. ‘பார்த்திப வருடம் ஆனி’ என்றிருந்தால் அது 1945 ஜூன், ஜூலையாக இருக்கலாம். ஆனால் அந்தப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும், 1885ஆகவும் இருக்கலாம். ‘2605’ என்று கண்டால் பிழை என்று திருத்திவிடாதீர்கள். ஜப்பானியர் ஆட்சியில் இங்கே புழங்கிய ஆண்டுக்கணக்கு அது. 660ஐக் கழித்தால் 1945. தாளில் உள்ளதை அப்படியே எழுதி, பக்கத்தில் ஆங்கில ஆண்டைக் குறியுங்கள்.

ஒரே ஆள் முதலெழுத்தோடும் இல்லாமலும் புனைபெயரிலும் கையொப்பமிட்டிருப்பார். ஒரு பெயரைத் தலைமையாக வைத்து, மற்றவற்றையும் கீழே எழுதிவிடுங்கள்.

5. இந்த நோட்டு யாரிடமிருந்து யாரிடம் வந்தது? என்னைக் கேட்டால் பட்டியலிலேயே முக்கியமான வரி இதுதான். மற்றவற்றைத் தாளைப் பார்த்தே எழுதலாம். இதைப் பெரியப்பாவிடமும் அத்தையிடமும்தான் கேட்க முடியும். இந்த வாரமே கேளுங்கள்.

அப்புறம் நூலகத்துக்குப் பெட்டியை அல்ல, பட்டியலை முதலில் அனுப்புங்கள். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நோட்டைக் கொடுத்துவிட்டதாலேயே காப்புரிமையும் கைமாறிவிடாது; மின்னுருவாக்கி எல்லோரும் படிக்கத் தரலாமா என்று குடும்பத்தில் பேசி, எழுத்தில் கொடுங்கள்.